உன் ஒற்றைச் சொல்லுக்குப் பதில்

அன்புள்ள நண்பா,

உனக்கு எழுதி எத்தனை நாளாகிறது என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். வாத்தியாரை நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. நீயும் போயிருக்க மாட்டாய். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவின் மலிவுக் கட்டண விமான நிறுவனமான ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் திவால் மனு கொடுத்த அன்று "பார்த்தாயா?" என்று மட்டும் எழுதி அனுப்பினாயே, அது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2024 ஜனவரியில், இன்னொரு அமெரிக்க விமான நிறுவனமான ஜெட்ப்ளூ 380 கோடி டாலருக்கு ஸ்பிரிட்டை வாங்கினால் போட்டி குறையும், வாங்கக் கூடாது என்று நீதிபதி வில்லியம் யங் தடுத்தபோது நான் துள்ளிக் குதித்தது உண்மை. ஸ்பிரிட் சின்ன நிறுவனம்தான், ஆனாலும் அதை நேசிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவர் தீர்ப்பில் எழுதியதை உனக்குப் படித்தே காட்டினேன். "தனியாக விட்டால் அது பிழைக்காது" என்றாய் நீ. அந்த நவம்பரிலேயே திவால் மனு, 2025 ஆகஸ்டில் இன்னொரு முறை. அந்தப் பாதியில் உன் கட்சி ஜெயித்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஜன்னலோர சீட்டு விவகாரம் மாதிரி இதையும் இருபது வருஷம் சொல்லிக்காட்டாதே.

அடுத்த பாதியை மட்டும் விட மாட்டேன். "இணையட்டும், பதிலுக்குக் கொஞ்சம் ஸ்லாட்டை, அதாவது நெரிசலான விமான நிலையத்தில் குறித்த நேரத்தில் இறங்கவோ கிளம்பவோ உள்ள உரிமையை, பிடுங்கிப் போட்டியாளர்களுக்குக் கொடுத்தால் போதும்" என்கிறாய். 2013ஐ நினைத்துப் பார். அமெரிக்கன் ஏர்லைன்ஸும் யுஎஸ் ஏர்வேஸும் இணைந்தால் வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தின் ஸ்லாட்டுகளில் 69 சதவீதம் ஒரே கைக்குப் போய்விடும் என்று சொல்லித்தான் அமெரிக்க அரசின் நீதித்துறை ஆகஸ்டில் வழக்குப் போட்டது. நவம்பரில் சமரசம். ரீகனில் 104 ஸ்லாட், நியூயார்க் லாகார்டியாவில் 34 விட்டுக்கொடுத்தார்கள். டிசம்பரில் இணைந்தும் விட்டார்கள். ரீகனில் சவுத்வெஸ்ட்டுக்கும் ஜெட்ப்ளூவுக்கும் இடம் கிடைத்தது பயணிகளுக்கு நல்லதுதான். ஆனால் நாடு முழுக்க வலை விரித்திருந்த பழைய நிறுவனங்கள் நான்கு மூன்றாகிவிட்டன. ஒரு ஊரில் திறந்த கதவு அதை எப்படி ஈடுகட்டும்?

லண்டன் கதை இன்னும் வேதனை. 2012இல் பிரிட்டிஷ் ஏர்வேஸின் தாய் நிறுவனம் பிஎம்ஐ என்ற இன்னொரு பிரிட்டிஷ் விமான நிறுவனத்தை வாங்கியபோது, ஐரோப்பிய ஆணையம் ஹீத்ரோ ஸ்லாட்டுகளில் சிலவற்றை விட்டுக்கொடுக்கச் சொன்னது. அவற்றில் 12 ஜோடி (இறங்க ஒன்று, கிளம்ப ஒன்று) வர்ஜின் அட்லாண்டிக்குக்குக் கிடைத்தது. 'லிட்டில் ரெட்' என்ற பெயரில் மான்செஸ்டர், எடின்பரோ, அபர்டீனுக்குப் பறந்தார்கள். 2013 மார்ச்சில் தொடங்கியது 2015 செப்டம்பரில் முடிந்தது. இரண்டரை வருஷம்! இணைப்பு இன்றும் இருக்கிறது, அதற்கு ஈடாக வந்த போட்டி எங்கே?

ஸ்லாட் மட்டும் கையில் இருந்தால் ஒரு நிறுவனம் நிற்காது. விமானம் வேண்டும், தொடர்ந்து வேறு ஊருக்கு மாறிப்போகும் பயணிகள் வேண்டும், நஷ்டத்தைத் தாங்கும் பணம் வேண்டும். இதெல்லாம் எதிரே நிற்கும் பெரியவனிடம்தான் இருக்கிறது.

அப்புறம், அந்த ஸ்லாட் யாருடையது என்பதே எனக்குப் பெரிய கேள்வி. ஒரு சீசனில் 80 சதவீதம் பயன்படுத்தினால் அடுத்த சீசனுக்கும் அது அவர்களுக்கே. அதைக் காப்பாற்றிக்கொள்ள கொரோனா பரவிய 2020 மார்ச்சில் ஐரோப்பாவில் பயணிகள் இல்லாத காலி விமானங்களைக்கூடப் பறக்கவிட்டார்கள். அதன் பிறகுதான் விதியைத் தளர்த்தினார்கள். ஹீத்ரோவில் ஒரு ஜோடி ஸ்லாட்டுக்கு 2016இல் ஓமன் ஏர் 7.5 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? முன்னே வந்தவர்கள் பெரும்பாலும் விலை கொடுக்காமல் பெற்றது அது. புதிதாக வருகிறவர்களுக்கு, யாருக்கும் ஒதுக்கப்படாத ஸ்லாட்டுகளின் பொதுத் தொகுப்பில் பாதி என்று ஐரோப்பிய விதி இருக்கிறது. ஆனால் நெரிசலான நிலையத்தில் அந்தத் தொகுப்பில் என்னதான் மிஞ்சும்?

எந்த இணைப்பும் வராத காலத்திலேயே, ஒவ்வொரு சில வருஷத்துக்கும் ஒரு பங்கு ஸ்லாட்டைத் திரும்ப வாங்கிப் புதியவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படி இருந்திருந்தால் ஸ்பிரிட் மாதிரி ஒன்றுக்கு, விற்றுவிடுவதா மூடிவிடுவதா என்ற இரண்டைத் தவிர மூன்றாவது வழி கிடைத்திருக்குமா? நீ கணக்குப் போடுகிறவன், யோசித்துச் சொல். ஒற்றைச் சொல்லில் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன், நாலு பக்கமாவது வேண்டும்.

அடுத்த மாதம் வாத்தியாரைப் பார்க்கப் போகிறேன். நீயும் வா.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்