அரக்கோணத்தில் ராணுவ விமான அருங்காட்சியகம் அமைக்கக் கோரி மனு

அனுப்புநர்
அரக்கோணம் சுற்றுவட்டாரப் பெற்றோர்கள்

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
ராணிப்பேட்டை மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பொருள்: குடும்பத்தோடு ஒரே நாளில் போய்ப் பார்த்துத் திரும்பக்கூடிய ராணுவ விமான அருங்காட்சியகம் வேண்டுதல் தொடர்பாக.

வணக்கம். எங்கள் ஊரில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளம் 1992-இல் தொடங்கிய காலத்திலிருந்தே எங்கள் ஊர்க்காரர்களுக்கு, நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி வேட்டையாடும் டி.யு.-142 கடற்படை விமானம் பழக்கம். நான்கு இன்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு புரொப்பெல்லர். கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். 2017 மார்ச் 29 அன்று இங்கேதான் அதற்கு விடைகொடுத்தார்கள். அப்புறம் அதில் ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாகிவிட்டது.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போய்வந்தோம். விமானத்துக்குள்ளேயே ஏறி நடக்கலாம். கடலில் போட்டு நீர்மூழ்கியின் சத்தத்தைக் கேட்கும் சோனோபாய் மிதவைகளையும், இன்ஜினையும் தனியே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். சாலையின் எதிர்ப்பக்கம் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல். வேட்டையாடுவது ஒருபக்கம், அதன் இரை மறுபக்கம் என்று நிற்பதால் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவைப்படவில்லை. அருமையாகச் செய்திருக்கிறார்கள். நம் ஊர் விமானம் ஆயிற்றே என்று கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. ஆனால் ரயில், தங்கும் அறை என்று செலவழித்து அவ்வளவு தூரம் போவது எல்லாக் குடும்பங்களாலும் ஆகிற காரியமில்லை.

சென்னையிலிருந்து அரக்கோணத்துக்கு மின்சார ரயிலில் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பிவிடலாம். ஆகவே, பாதுகாப்புக்கு இடைஞ்சல் இல்லாதபடி தளத்துக்கு வெளியே, ரயில் நிலையத்துக்குப் பக்கமாக, அரசுப் புறம்போக்கு நிலம் ஒன்றைத் தாங்கள் அடையாளம் காண வேண்டும். 1963-இல் விமானப்படையில் சேர்ந்த மிக்-21 போர் விமானம், 2025 செப்டம்பர் 26 அன்று ஓய்வு பெற்றுவிட்டது. அதில் ஒன்றையும், கடற்படையிடம் பறக்காமல் இருக்கும் பழைய விமானம் ஏதேனும் ஒன்றையும் கேட்டுப் பெற, மாநில அரசு வழியாகப் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

கொண்டுவந்து பீடத்தில் ஏற்றி, சுற்றிலும் வேலி போட்டு முடித்துவிட வேண்டாம் என்பதுதான் இந்த மனுவில் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது. நீளம், எடை, வேகம் என்று ஒரு பலகை வைத்தால் பிள்ளைகள் ஒரு நிமிடம்கூட நிற்க மாட்டார்கள். பைலட் எங்கே உட்காருவார், ஆபத்து வந்தால் எப்படி வெளியே வருவார் என்றுதான் கேட்பார்கள். காக்பிட்டை எட்டிப் பார்க்க ஒரு படிக்கட்டு, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், பக்கவாட்டில் வெட்டித் திறந்த ஒரு இன்ஜின், வெடிமருந்து விசையால் இருக்கையோடு பைலட்டைத் தூக்கி எறிவது எப்படி என்று விளக்கும் தமிழ்ப் பலகை, இவை இருந்தால் போதும். விடுமுறை நாட்களில் வந்து விளக்கம் சொல்ல, எங்கள் பகுதியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கடற்படை, விமானப்படைத் தொழில்நுட்பப் பணியாளர்களைக் கேட்கலாம். சம்பளத்தைவிட, கேட்க ஆள் இருப்பதே அவர்களுக்குச் சந்தோஷம்.

இன்னொன்று, நிழல். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த விமான சாகச நிகழ்ச்சிக்கு லட்சக்கணக்கில் மக்கள் வந்தார்கள். அன்று ஐந்து பேர் உயிரிழந்ததும் தாங்கள் அறிந்ததே. கூரை, குடிநீர், கழிப்பறை ஆகியவற்றைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும். கூரை விமானத்துக்கும் நல்லது, மழையில் நின்றால் அதுவும் அரித்துப்போகும்.

இடத்தேர்வுக்கு அதிகாரிகள் வரும் நாளைத் தெரிவித்தால் நாங்களும் உடன் வருகிறோம். மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அரக்கோணம் சுற்றுவட்டாரப் பெற்றோர்கள்