பூர்வீகம் பார்த்து ஆதரிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 நவம்பர் அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக நிற்கும் துணை அதிபர் கமலா ஹாரிஸ் அவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் ஜூலை மாதத்திலிருந்து வரும் செய்திகளை ஒன்றுவிடாமல் படித்து வருகிறேன். மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரத்தில் அவருக்காக நடக்கும் அபிஷேகம், வைக்கப்படும் பதாகைகள், தர்மசாஸ்தா கோயிலின் நன்கொடையாளர் கல்வெட்டில் இருக்கும் அவருடைய பெயர், ஊர்க்காரர்களின் பேட்டிகள் எல்லாம் விரிவாக வருகின்றன. அவர் இப்போது எதைச் செய்வதாகச் சொல்கிறார், முன்பு எதைச் சொன்னார், பதவியில் இருந்தபோது எதைச் செய்தார் என்பவை மட்டும் வருவதில்லை. அவருடைய அரசியலை நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன். அதற்கான காரணங்களை, இதே மாவட்டத்தில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று, கொஞ்சம் நன்செய் நிலத்தையும் பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஊர்க்காரர்களின் மகிழ்ச்சியில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவருடைய தாய்வழிப் பாட்டனார் பி.வி. கோபாலன் அந்த ஊரில் பிறந்து, மத்திய அரசுப் பணியில் உயர்ந்து, 1960-களில் அகதிகள் பணிக்காக ஜாம்பியா வரை சென்றவர். தாயார் சியாமளா 1958-இல், பத்தொன்பது வயதில், தனியாகக் கடல் கடந்து கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். அந்தக் காலத்தில் நம் பக்கத்துக் குடும்பம் ஒன்று தன் பெண்ணை அப்படி அனுப்பியது எத்தனை பெரிய காரியம் என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அந்தப் பெருமை கோபாலனுக்கும் சியாமளாவுக்கும் உரியது. 1964-இல் ஓக்லண்டில் பிறந்த மகளின் வரிக்கொள்கைக்கும் குடியேற்றக் கொள்கைக்கும் அது சான்றிதழ் ஆகாது.

இதை எழுதத் தூண்டியது இன்னொன்றும் உண்டு. டெல்டாவில் இன்று அமெரிக்காவில் பிள்ளைகள் இல்லாத தெரு குறைவு. அவர்களில் குடியுரிமை பெற்று ஓட்டுப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். “நம்ம ஊர்ப் பொண்ணு நிக்குது, அதுக்கே போடு” என்று இங்கிருந்து தொலைபேசியில் சொல்லும் பெற்றோரை நானே கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் அங்கே வரி கட்டுகிறார்கள், குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், வீட்டுக் கடன் அடைக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்லும் யோசனை அவர்கள் வாழ்க்கையைப் பார்த்துச் சொல்வதாக இருக்க வேண்டும்.

முதலில் அவர் வேட்பாளரான விதத்தைப் பார்ப்போம். 2019 ஜனவரியில் அதிபர் பதவிக்குப் போட்டியிடுவதாக அறிவித்தவர், கட்சியின் உட்கட்சித் தேர்தலில் முதல் ஓட்டு விழுவதற்கு முன்பே, அந்த ஆண்டு டிசம்பரில் விலகிக்கொண்டார். இந்த ஆண்டு உட்கட்சித் தேர்தல்களில் மக்கள் ஓட்டுப் போட்டது அதிபர் ஜோ பைடனுக்கு. ஜூலை 21 அன்று பைடன் ஒதுங்கிக்கொண்டு இவரை முன்மொழிந்தார். கட்சிப் பிரதிநிதிகள் ஏற்றார்கள். ஆகஸ்ட் 22 அன்று சிகாகோ மாநாட்டில் ஏற்புரையும் நிகழ்ந்தது. விதிப்படி இதில் தவறில்லை. ஆயினும் பல மாதங்கள் மாநிலம் மாநிலமாக நின்று, சொந்தக் கட்சிக்காரர்களின் கேள்விகளுக்கே பதில் சொல்லித் தேற வேண்டிய ஒரு சோதனையை அவர் கடக்கவில்லை. 2019-இல் சொன்னதற்கும் 2024-இல் சொல்வதற்கும் இடையிலுள்ள தூரத்தை விளக்கும் வாய்ப்பு அந்தச் சோதனையில்தான் கிடைத்திருக்கும்.

அந்தத் தூரம் சிறியதன்று. பூமிக்கடியில் மிகுந்த அழுத்தத்தில் நீரையும் இரசாயனங்களையும் செலுத்திப் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் ஃபிராக்கிங் முறையை நாடு முழுவதும் தடை செய்வேன் என்று 2019-இல் ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னவர் அவர். இப்போது தடை செய்ய மாட்டேன் என்கிறார். நடுவில் என்ன நடந்தது என்று ஆகஸ்ட் இறுதியில் தொலைக்காட்சிப் பேட்டியில் கேட்டபோது, தன் விழுமியங்கள் மாறவில்லை என்றார். அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலவாரியாகப் பிரித்துத் தரப்பட்ட தேர்வாளர் ஓட்டுகளில் பென்சில்வேனியா மாநிலத்துக்கு 19 உண்டு; அங்கே இந்தத் தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் இருக்கின்றன; அதிபராக 270 தேர்வாளர் ஓட்டுகள் வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் காரணத்தைத் தவிர வேறொரு காரணத்தை அவர் வாயால் நான் கேட்கவில்லை.

வேறு எந்த ஊர்க்காரர் இதைச் சிறிய விஷயம் என்றாலும் மன்னார்குடிக்காரர் சொல்ல முடியாது. நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க நம் மண்ணில் அனுமதி கொடுக்கப்பட்டபோது, நிலத்தடி நீர் என்னாகும், கடல்நீர் உள்ளே ஏறுமா என்று ஊர் ஊராகக் கூடிக் கேட்டவர்கள் நாம். இயற்கை வேளாண் அறிஞர் ஐயா நம்மாழ்வார் அந்தப் பிரசாரத்தில் இருக்கும்போதே 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் உயிர் நீத்தார். 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்ததற்குப் பின்னால் அத்தனை ஆண்டுப் போராட்டம் இருக்கிறது. தடை வேண்டும் என்றவர்களை நான் மதிக்கிறேன். வேலைவாய்ப்புக்காக வேண்டாம் என்ற பென்சில்வேனியாக்காரரின் நியாயமும் எனக்குப் புரிகிறது. ஐந்து ஆண்டுகளில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வந்துவிட்டு, ஏன் வந்தேன் என்று சொல்லாதவரை எந்தக் கரையில் இருப்பவரும் நம்புவது கடினம். மருத்துவக் காப்பீடு முழுவதையும் அரசே நடத்தும் திட்டத்துக்கு 2017-இல் செனட்டில் இணைந்து கையெழுத்திட்டவர் அதையும் கைவிட்டிருக்கிறார். அதற்கும் விளக்கம் இல்லை.

இந்த மாதம் நடந்ததைப் பாருங்கள். அக்டோபர் 8 அன்று ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், கடந்த நான்கு ஆண்டுகளில் பைடனிலிருந்து மாறுபட்டு எதையாவது செய்திருப்பீர்களா என்று கேட்டார்கள். அப்படி எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றார். எட்டு நாள் கழித்து வேறொரு தொலைக்காட்சியில், தன் ஆட்சி பைடன் ஆட்சியின் தொடர்ச்சியாக இருக்காது என்றார். இரண்டில் எதை நம்பி ஓட்டுப் போடுவது?

விலைவாசி விஷயத்தில் என் ஐயம் இன்னும் ஆழமானது. 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. நாற்பது ஆண்டுகளில் அவர்கள் காணாத ஏற்றம் அது. கொள்ளைநோயும் உக்ரைன் போரும் அதற்குக் காரணம் என்பதை மறுக்கவில்லை. 2021 மார்ச்சில் 1.9 லட்சம் கோடி டாலரை ஒரே சட்டத்தில் செலவிட முடிவெடுத்ததற்கும் அதில் பங்குண்டு என்று அவர்கள் தரப்புப் பொருளாதார அறிஞர்களிலேயே சிலர் அப்போதே எச்சரித்தார்கள். ஆகஸ்ட் மாதம் வட கரோலினாவில் பேசிய ஹாரிஸ், உணவுப் பொருள்களுக்குக் கொள்ளை விலை வைப்பதை மத்தியச் சட்டத்தால் தடுப்பேன் என்றார். பேரிடர் காலத்துக்கு இப்படிப்பட்ட சட்டங்கள் அங்கே பல மாநிலங்களில் ஏற்கெனவே உண்டு. அதைத் தாண்டி, எது நியாய விலை, எது கொள்ளை விலை என்று தலைநகரில் உட்கார்ந்திருக்கும் அலுவலர் எப்படித் தீர்மானிப்பார் என்பதை அவர் சொல்லவில்லை.

விளைகிற இடத்தில் அரசு விலையையும் போக்குவரத்தையும் கட்டினால் என்னாகும் என்று ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டத்தைவிட நன்றாக அறிந்த இடம் குறைவு. 1960-களிலும் 70-களிலும் கட்டாய லெவி நெல், அதாவது விளைச்சலில் ஒரு பங்கை அரசு வைத்த விலைக்கு, கொடுத்த குடும்பம் எங்களுடையது. மாவட்ட எல்லையில் சோதனைச் சாவடி போட்டு, நெல்லும் அரிசியும் வெளியே போகாமல் தடுத்தார்கள். பட்டினி கிடக்கும் மக்களுக்குச் சோறு கிடைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் அது வந்தது. விளைவித்தவனுக்கு வெளியூரில் கிடைத்திருக்கக்கூடிய விலை கிடைக்கவில்லை; எல்லைக்கு அப்பால் அரிசி விலை ஏறியது; இடுப்பிலும் தலைச்சுமையிலும் நாலு படி அரிசி கொண்டுபோன ஏழைப் பெண்கள் திருடர்களைப் போல விரட்டப்பட்டார்கள்; லாரி வைத்திருந்தவர்கள் பணக்காரர் ஆனார்கள். முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு 25,000 டாலர் வரை உதவி என்ற வாக்குறுதியைப் பற்றியும் இதையே கேட்கிறேன். வீடுகள் போதாத ஊரில் வாங்குகிறவர் கையில் கூடுதல் பணத்தைக் கொடுத்தால் விற்கிறவர் விலையைக் கூட்ட மாட்டாரா? முப்பது லட்சம் புதிய வீடுகள் கட்டப்படும் என்கிறார். அவை எழும்பி நிற்கும்வரை என்ன என்பது தெரியவில்லை.

தலைமையாசிரியராக இருந்தவன் என்பதால் என்னை மிகவும் உறுத்துவது கலிபோர்னியாவின் பள்ளி வருகைச் சட்டம். சான்பிரான்சிஸ்கோ நகரத்தின் அரசு வழக்கறிஞராக இருந்த காலத்தில் அவர் முன்னின்று வலியுறுத்தியதால் 2010-இல் நிறைவேறியது அது. பள்ளி நாள்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ உரிய காரணமின்றிப் பிள்ளை வராவிட்டால், பெற்றோருக்கு 2,000 டாலர் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ விதிக்க அதில் இடமுண்டு. சில மாவட்டங்களில் தாய்மார்கள் கைதும் செய்யப்பட்டார்கள். அதற்காக 2019-இல் அவர் வருத்தம் தெரிவித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் எங்கள் பள்ளி வகுப்புகளில் பாதி இடம் காலியாக இருக்கும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணை வீட்டில் நிறுத்துவார்கள். கூலி வேலைக்குப் போகும் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தால் அந்தப் பெண் ஒரு நாள்கூடக் கூடுதலாகப் பள்ளிக்கு வந்திருக்க மாட்டாள். காமராஜர் மதிய உணவு கொடுத்தார், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசினார்கள். பிள்ளைகள் வந்தார்கள். குடும்பம் தடுமாறும்போது அதற்குத் தோள் கொடுப்பது அரசின் வேலை. தாராளவாதம் பேசும் ஒருவர், கையில் அதிகாரம் வந்ததும் ஏழைத் தாயின்மீது வழக்குப் போடுவதை வழியாகக் கண்டார் என்பது அவருடைய மனப்போக்கைக் காட்டுகிறது என்றே நினைக்கிறேன். எந்தக் கோளாறானாலும் மேலிருந்து ஒரு சட்டம், அதற்கு ஒரு தண்டனை என்ற அந்தப் போக்குதான் விலைவாசித் திட்டத்திலும் தெரிகிறது.

கருக்கலைப்பு அவருடைய பிரசாரத்தின் மையப் பொருளாக இருக்கிறது. கருக்கலைப்பு உரிமையை நாடு முழுவதும் உறுதி செய்த 1973-இன் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் ரத்து செய்ததால் பெண்கள் பட்ட துயரங்களை நான் சிறிதாக எண்ணவில்லை. நம் நாட்டில் 1971-லேயே சட்டம் வந்தது. 2021 திருத்தத்தின்படி சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை, மருத்துவர்களின் கருத்தோடு இடமுண்டு. தாயின் நிலைமையையும் கருவிலிருக்கும் உயிரையும் ஒருசேர நினைத்து ஒரு வரம்பு போட்டிருக்கிறோம். செப்டம்பர் 10 விவாதத்தில் ஏதேனும் வரம்பை ஏற்பீர்களா என்று கேட்டபோது, பழைய தீர்ப்பின் பாதுகாப்பை மீட்பேன் என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

அப்படியானால் அவரை எதிர்த்து நிற்கும் குடியரசுக் கட்சியின் டிரம்புக்கா ஆதரவு என்று கேட்பார்கள். இல்லை. எல்லா இறக்குமதிக்கும் வரி என்று அவர் சொல்வது நடந்தால் திருப்பூர்ப் பின்னலாடைக்கும் நாகப்பட்டினம் பக்கத்து இறால் பண்ணைக்கும் அடி விழும். 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் அவருடைய ஆதரவாளர் கூட்டம் புகுந்ததை அவர் கையாண்ட விதம், சட்டத்தையும் ஒழுங்கையும் மதிக்கும் என்னைப் போன்ற மரபுவாதி ஏற்கக்கூடியதே அல்ல. ஆனால் அவரைப் பற்றிய குறைகளைத் தங்கள் நாளிதழ் வாரந்தோறும் எழுதுகிறது. ஹாரிஸைப் பற்றி அப்படி ஒரு வரி வந்து நான் பார்க்கவில்லை.

ஹாரிஸுக்கு உரியதையும் கொடுக்க வேண்டும். ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதத்துக்குமேல் வேலைவழி கிரீன் கார்டு (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) இல்லை என்ற உச்சவரம்பால் நம் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்த வரம்பை நீக்கும் மசோதாவை 2019-இல் குடியரசுக் கட்சியின் மைக் லீயோடு சேர்ந்து செனட்டில் கொண்டுவந்தவர் அவர்தான். துணை அதிபராக இருந்த காலத்தில் அது சட்டமாகவில்லை என்பதும் உண்மை. துளசேந்திரபுரத்துப் பதாகைகளைப் படம் பிடிக்கும் நிருபர்கள் இந்த ஒன்றைப் பற்றியாவது எழுதியிருந்தால் அமெரிக்காவில் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் பயன்பட்டிருக்கும்.

தேர்தல் நாளான நவம்பர் 5-க்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. அதற்குள் ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கி, எரிவாயு, மருத்துவக் காப்பீடு, எல்லைப் பாதுகாப்பு, விலைவாசி, விசா ஆகியவற்றில் ஹாரிஸ் 2019-இல் சொன்னதையும் இப்போது சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். டிரம்ப் சொன்னவற்றையும் அதே அளவில் போடுங்கள். மன்னார்குடிப் பக்கத்துப் பெற்றோர் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.
18-10-2024