அணை நிலவரமும் அரசியல்வாதி பதிவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசியல்வாதிகளின் இணையப் பதிவுகளில் நேர்மை குறைந்துவிட்டது என்று தலையங்கத்தில் வருத்தப்பட்டிருந்தீர்கள். நியாயமான வருத்தம்தான். ஆனால் அந்த நேர்மையை எதை வைத்து அளப்பது?

ஒரு பதிவை அந்த அரசியல்வாதிதான் போட்டாரா என்று பார்ப்பது முதல் வேலை. ஸ்கிரீன்ஷாட்டை நம்பி யாரையும் ஏசக் கூடாது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் நின்றவர் என்றால், வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் அவருடைய சமூக வலைதளக் கணக்குகள் இருக்கும். தேர்தல் ஆணையத் தளத்தில் யாரும் பார்க்கலாம். அந்தக் கணக்கிலேயே பதிவைத் தேட வேண்டும். முகநூல் என்றால் மூன்று புள்ளியைத் தொட்டு, திருத்தியிருக்கிறாரா என்றும் பார்க்கலாம்.

பிறகு, சொன்னது கருத்தா, தகவலா? 'இந்த ஆட்சி நெல்லையைக் கைகழுவிவிட்டது' என்பது கருத்து. பிடிக்காவிட்டால் மறுத்துப் பேசலாம், பொய் என்று முத்திரை குத்த முடியாது. நெல்லை, தூத்துக்குடியில் வந்த 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி, 'அணையைத் திறந்துதான் ஊரை மூழ்கடித்தார்கள்' என்று ஒருவர் எழுதினால் அது தகவல். சரிபார்க்க நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் மூன்றும் வேண்டும். 143 அடி பாபநாசம் அணையும் 118 அடி மணிமுத்தாறும் நிறைந்து நிற்க, வந்த தண்ணீரைத்தான் விட்டார்கள் என்றால் குற்றச்சாட்டு நிற்காது. மழை எச்சரிக்கை வந்த பிறகும் வரப்போகும் தண்ணீருக்கு அணையில் இடம் ஒதுக்கவில்லை என்று முந்தைய நாட்களின் மட்டம் காட்டினால், கேள்வி நியாயமானதே. தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் உள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அது அணைக்குக் கீழே பெய்த மழை. அதைச் சொல்லாமல் அணையை மட்டும் பேசுவது பாதி உண்மை. வெளியேற்றத்தைப் போட்டு நீர்வரத்தை மறைப்பவரும் உண்டு. இருப்பைச் சொல்லும் மில்லியன் கனஅடியையும் வினாடிக்கு ஓடும் கனஅடியையும் குழப்பிப் பயமுறுத்துபவரும் உண்டு.

தப்பாகச் சொன்னவரெல்லாம் பொய்யர் இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(4) பிரிவுகூட, வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றிய பொய்யைத் தேர்தல் முறைகேடு என்று சொல்லும்போது, சொன்னவர் அதைப் பொய் என்று நம்பினாரா அல்லது உண்மை என்று நம்பாமலே சொன்னாரா என்று பார்க்கிறது. மனதுக்குள் இருப்பது நமக்கு எப்படித் தெரியும்? அதிகாரப்பூர்வ எண்கள் வெளியான பிறகு அவர் என்ன செய்தார் என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். அதே கணக்கில் திருத்தம் போட்டவர் எந்தக் கட்சியானாலும் மரியாதைக்குரியவர். சத்தமில்லாமல் அழித்தவரை அப்படிச் சொல்ல மாட்டேன். விவரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அமைச்சர் தவறாக எழுதுவதும், வார்டு கவுன்சிலர் கேள்விப்பட்டதை எழுதுவதும் ஒன்றல்ல.

மழைக்காலத்தில் அணை நிலவரத்தை உள்பக்கத்தில் போடுகிறீர்கள். வெள்ளம் பற்றிய அரசியல்வாதியின் பதிவைச் செய்தியாக்கும் அன்று, அந்த எண்களையும் செய்திக்குக் கீழேயே போடுங்கள். பதிவை அவர் நீக்கினால், அதையும் அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.