பாப்பாவின் காதுகுத்து பற்றி அண்ணனுக்கு

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நாங்கள் நலம். அண்ணியும் பிள்ளைகளும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாப்பாவுக்குக் காது குத்துவதை ஊரில் வைத்துக்கொள்வதா, இங்கேயே முடித்துவிடுவதா என்று கேட்டிருந்தீர்கள். தொலைபேசியில் பேசினால் பாதியில் நின்றுவிடும் என்பதால், நானும் அவரும் விசாரித்துத் தெரிந்துகொண்டதை எல்லாம் எழுதுகிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நாள் பார்த்து, மொட்டை போட்டு, தாய்மாமன் சீரோடு வந்து மடியில் உட்காரவைத்துச் செய்கிற காரியம், இந்த ஊரில் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கடையில் முடித்துக்கொள்ளும் வேலையாக இருக்கிறது. எங்கள் குடும்ப டாக்டரிடம் கேட்டபோது, அரசு மருத்துவச் சேவையில் காது குத்துவது சேராது என்றார். தனியார் கிளினிக்குகள் சில குத்துகின்றன. மற்றபடி, பெரிய வணிக வளாகங்களில் வளையலும் கிளிப்பும் விற்கும் கடைகள், கிரீன் ஸ்ட்ரீட்டில் வரிசையாக இருக்கும் நம் ஆட்களின் நகைக்கடைகள், பச்சை குத்துபவர்களின் ஸ்டூடியோக்கள் என்று இடங்களுக்குக் குறைவில்லை. 1991ஆம் ஆண்டு லண்டனுக்கென்று கொண்டுவந்த ஒரு சட்டத்தின்படி, காசு வாங்கிக்கொண்டு காது குத்துகிற இடங்கள் உள்ளாட்சி மன்றத்தின் உரிமத்தின்கீழ் வருகின்றன. அதனால் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் விலையைக் கேட்பதற்கு முன் அந்த உரிமத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன்.

குழந்தைக்கு இத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் கைக்குழந்தைக்குக் காது குத்துவதைக் கொடுமையாக நினைப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அதைத் தடைசெய்ய வேண்டும் என்று 2015இல் இணையத்தில் எழுந்த கோரிக்கையில் பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லத் தெரியாத குழந்தைக்கு வலியைக் கொடுக்கிறோம் என்பது உண்மைதான். அப்படிக் கொடுப்பதாக இருந்தால், அந்த வலி மிகக் குறைவாகவும், புண் சீக்கிரம் ஆறுவதாகவும், அந்த நேரத்தில் அவள் நெருங்கிய உறவின் மடியில் இருப்பதாகவும் பார்த்துக்கொள்ளும் கடமை நமக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வணிக வளாகக் கடைகளிலும் நகைக்கடைகள் பலவற்றிலும் இருப்பது நம் ஊரில் கன்ஷாட் என்று சொல்கிறார்களே, அதுதான். அதில் தனியாக ஊசி கிடையாது. தோட்டின் தண்டையே ஸ்பிரிங் விசையால் சோணைக்குள் அடித்துச் செலுத்துகிறது. அந்தத் தண்டின் முனை ஊசி அளவுக்குக் கூராக இருக்காது என்பதால், தோலையும் சதையையும் நசுக்கிக்கொண்டுதான் போகிறது. பிளாஸ்டிக்கில் செய்த பழைய வகைக் கருவியை ஆஸ்பத்திரியில் கத்தரிகளை வேகவைப்பதுபோல் நீராவியில் வேகவைக்க முடியாது, துடைக்கத்தான் முடியும். இப்போது தோடும் அதைப் பிடிக்கும் பகுதியும் சீலிட்ட உறைக்குள் வந்து, ஒரு பிள்ளைக்குப் பயன்பட்டதும் குப்பைக்குப் போகிற புது வகைகள் வந்திருக்கின்றன, அவை எவ்வளவோ மேல். ஆனாலும் பின்பக்கம் கொக்கிபோல் இறுக்கிப் பிடிக்கும் அந்தத் திருகு எனக்குப் பிடிக்கவில்லை. சோணை சற்று வீங்கினாலும் தண்டுக்கு நீளம் போதாமல் தோடு சதைக்குள் புதையும். பாப்பாவோ ஒருக்களித்துப் படுத்துத்தான் தூங்குகிறாள், அந்தத் திருகு காதுக்குப் பின்னால் இரவெல்லாம் அழுத்திக்கொண்டே இருக்கும்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது ஓர் ஊசி ஸ்டூடியோ. அங்கே வேலை செய்யும் பெண், உறையைப் பிரித்து ஒரு முறை மட்டும் பயன்படுத்துகிற உள்துளை ஊசியைக் காட்டினார். அது சதையை நசுக்காமல் சுத்தமாக வெட்டிக்கொண்டு போவதால் புண் நன்றாக ஆறுமாம். மையால் இரண்டு சோணையிலும் புள்ளி வைத்து, பிள்ளையை நேராக உட்காரவைத்து எதிரே நின்று பார்த்து, ஒரு பக்கம் நூலளவு ஏறியிருந்தாலும் அழித்துவிட்டு மறுபடி வைப்பாராம். நிக்கல் கலந்த உலோகத்தால்தான் பலருக்கும் காது அரித்து நீர் வடிகிறது என்பதால், டைட்டானியமோ நல்ல தங்கமோ மட்டும் போடுவதாகச் சொன்னார். புதுத் துளையில் போடும் தண்டிலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று ஐரோப்பாவில் வரம்பே வைத்திருக்கிறார்கள். இவ்வளவும் பொறுமையாகச் சொன்னவர், கைக்குழந்தைகளுக்கு மட்டும் தாம் குத்துவதில்லை என்று சொல்லிவிட்டார். காது இன்னும் வளரும், இன்று நடுவில் இருக்கிற துளை நாளைக்கு விலகித் தெரியலாம் என்றும், பிள்ளை தானே கேட்கும் வயதில் கூட்டி வாருங்கள் என்றும் சொன்னார்.

அவர் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு நம் ஆசாரிதான் நினைவுக்கு வந்தார். கம்பியின் முனையைக் கூராக்கி, அதையே ஊசியாகக் குத்தி, அப்படியே வளைத்து வளையமாக்கிவிடுவாரே, அதிலும் நசுக்குகிற வேலை இல்லை. பின்னால் அழுத்தும் திருகும் கிடையாது. காது குத்துவதில் இங்கே தேர்ந்தவர்கள் செய்வதற்கு, வணிக வளாகத்துக் கருவியைவிட அவருடைய கைதான் அருகில் நிற்கிறது. சுத்தம் ஒன்றுதான் குறை, அதை நாம் சரிசெய்துகொள்ளலாம். எனவே ஊரிலேயே, நம் அய்யனார் கோயிலில், உங்கள் மடியில் வைத்தே குத்துவது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருக்கிறோம். இதற்காக நீங்கள் விசா எடுத்து இங்கே வந்து அலைய வேண்டியதில்லை.

மூத்தவனுக்கு ஜூலை கடைசியில்தான் பள்ளி விடுமுறை விடுகிறார்கள், செப்டம்பர் தொடக்கத்தில் திறந்துவிடும். ஆடி கழிந்து ஆவணியில் வருகிற முதல் நல்ல நாளைப் பார்த்துச் சொல்லுங்கள். அப்போது பாப்பாவுக்குப் பதினோராம் மாதம் நடக்கும், ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்ற அம்மாவின் கணக்கும் சரியாக வரும். ரணஜன்னி, மஞ்சள் காமாலை பி ஆகியவற்றுக்கான பாதுகாப்பு அடங்கிய தடுப்பூசி இங்கே 8, 12, 16 வாரங்களில் போடப்படுகிறது, மூன்று தவணையும் அவளுக்குப் போட்டாகிவிட்டது.

ஆசாரியிடம் நீங்கள் நேரில் போய்ப் பேச வேண்டும். கம்பி 916 முத்திரைத் தங்கத்தில் மெல்லியதாக இருக்கட்டும். வளையத்தைச் சோணையோடு ஒட்டி வளைக்காமல், வீங்கினால் இடம் கொடுக்கும்படி கொஞ்சம் விட்டு வளைத்து, நுனி சட்டையில் மாட்டாதபடி உள்ளே மடக்கிவிடச் சொல்லுங்கள். கூராக்கிய கம்பிகளை முதல் நாளே வாங்கி, நம் டாக்டரின் கிளினிக்கில் ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வைத்து, உறையிலிட்டு ஒட்டித் தரச் சொன்னால், கோயிலில் குத்துகிற நேரத்தில்தான் அதைப் பிரிக்க வேண்டும். கையுறையும், காதைத் துடைக்கும் மருந்தும், புள்ளி வைக்கும் பேனாவும் நான் கொண்டு வருகிறேன். பெரியவர், தொழில் தெரிந்தவர், இதையெல்லாம் அவமரியாதையாக எடுத்துக்கொள்ளாதபடி நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். வழக்கமான தட்சிணையோடு ஒரு வேட்டி துண்டும் என் சார்பில் வைத்துக் கொடுங்கள்.

அம்மாவிடம் ஒரு வேண்டுகோள். எனக்குச் செய்ததுபோல் மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவதும், ஓட்டையில் வேப்பங்குச்சி செருகுவதும் பாப்பாவுக்கு வேண்டாம். எண்ணெயில் தூசி ஒட்டும், குச்சியை வேகவைத்துச் சுத்தம் செய்ய முடியாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கொதித்து ஆறிய உப்புநீரால் ஒற்றி எடுத்தால் போதும். வளையத்தைத் திருப்பிவிடவும் வேண்டாம், திருப்பும்போதெல்லாம் ஆறுகிற தோல் கிழிகிறது. ஆறு வாரமாவது இப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும், மீதி நாட்களை இங்கே வந்து நான் பார்த்துக்கொள்வேன். கிணற்றுத் தண்ணீரில் தலைக்கு ஊற்றுவதையும் அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாம்.

ஆசாரி இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவரை வற்புறுத்த வேண்டாம். அன்று காலையில் டவுனில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய், அங்கேயும் உங்கள் மடியில் வைத்தே குத்திக்கொண்டு, கோயிலுக்கு வந்து மொட்டையும் பொங்கலும் வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் ஜூன் மாதத்துக்குள் எழுதுங்கள், விமான டிக்கெட் அதற்குப் பிறகு விலை ஏறிவிடும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை