வெள்ளையடிக்கும் முன் ஒரு படம் எடுங்கள்

மதிப்பிற்குரிய பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். சுவரில் எழுதுவதற்கு அனுமதி கேட்டு இந்த மடலை எழுதவில்லை. 1959-ஆம் ஆண்டிலிருந்தே அதற்குத் தடைச் சட்டம் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் சுவரை வளைத்துப் போடும் கட்சிக்காரர்கள் மீது எனக்கும் கோபம் உண்டு. தாராளமாக அழியுங்கள். அழிக்கும் முன் பதிவு செய்யுங்கள், அவ்வளவுதான் கேட்பது.

தேர்தல் தேதி அறிவித்த கையோடு என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அரசுக் கட்டடங்களுக்கு 24 மணி நேரம், பொது இடங்களுக்கு 48, தனியார் சுவர்களுக்கு 72 என்று தேர்தல் ஆணையம் கெடு வைக்கிறது. மூன்றே நாளில் ஊரெல்லாம் சுண்ணாம்பு. மாநாட்டு அழைப்பு, பிறந்தநாள் வாழ்த்து, கண்டன முழக்கம் என்று ஆண்டுக்கணக்கில் சேர்ந்த எல்லாமே அதற்கு அடியில் போய்விடும்.

அந்த எழுத்துகளை ஒரு தடவை கிட்ட நின்று பாருங்கள். முதலில் வெள்ளையடித்துக் காயவிடுவார்கள். பொடி தோய்த்த நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் மேல்கோடும் கீழ்கோடும் விழும். தலைவர் பெயர் ஆளுயரத்துக்கு நிற்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே பக்கமாக நிழல் விழும், ஒளி எங்கிருந்து வருகிறது என்று எழுதுகிறவர் மனதில் முடிவு செய்திருப்பார். அழைப்பவர் பெயரும் வட்டச் செயலாளர் என்ற பொறுப்பும் அடியில் பொடி எழுத்தில். சில சுவர்களில் இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும், எனக்கு அவைதான் ரொம்பப் பிடிக்கும். மழைக்காலம் முடிந்து சுண்ணாம்பு உரிந்தால் உதயசூரியனுக்கு அடியில் இரட்டை இலை, அதற்கும் அடியில் யாருடையது என்றே தெரியாத ஒரு நீலம். எந்த எழுத்துரு நிறுவனமும் வடிவமைக்காத தமிழ் எழுத்து வடிவங்கள் இவை. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பேனர் வரைந்த கைகள் பெரும்பாலும் வேலையில்லாமல் போய்விட்டன. சுவர் எழுதும் ஓவியர்களில் பலருக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இருக்காது.

நியூயார்க்கில் 1989 மே 12 அன்று, கிறுக்கல் உள்ள கடைசி ரயிலையும் ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டோம் என்று போக்குவரத்து நிர்வாகம் அறிவித்தது. ரயில்கள் சுத்தமாயின. ஆனால் எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் அந்தப் பெட்டிகளில் என்ன வரைந்திருந்தார்கள் என்பதை இன்று நாம் பார்க்க முடிகிறது. அதற்குக் காரணம் மார்த்தா கூப்பர், ஹென்றி சால்ஃபன்ட் போன்றவர்கள் எடுத்த படங்கள். சால்ஃபன்ட் எதிர் நடைமேடையில் காத்திருப்பார். ரயில் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து படமெடுப்பார், பிறகு அவற்றை வெட்டி ஒட்டி முழுப் பெட்டியாக்குவார். வரைந்தவற்றில் பல சில நாள்கூடத் தாங்கவில்லை, படங்கள் இருக்கின்றன. தனி ஆட்கள் சொந்த ஆர்வத்தில் செய்த காரியம் அது. ஊழியர்கள் கை ஒவ்வொன்றிலும் கேமராவோடு போன் இருக்கும் ஒரு மாநகராட்சிக்கு இது பெரிய வேலையா?

சரி, அரசியல் சுவர்தான் வேண்டாம் என்றால் நீங்களே கைகோத்துச் செய்ததை எடுத்துக்கொள்வோம். கண்ணகி நகரில் 2020-இல் அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்கள் முழுக்க ஓவியமாயின. நகருக்குள் குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு அங்கே கொண்டுபோய் விடப்பட்டவர்களின் குடியிருப்பு அது. அடுத்த ஆண்டு இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தில், எச்.ஐ.வி. பற்றிய ஒதுக்குதலை எதிர்த்து ஏ-கில், கத்ரா என்ற ஓவியர்கள் இருவரும் பெரிய முகங்களை வரைந்தார்கள். சென்னை வெயிலில் எந்தப் பெயின்டும் வெளுக்கும். திறப்பு விழாப் படங்கள் மட்டும் மிஞ்சினால் போதுமா? எந்த முகம் யாருடையது, சாரத்தில் ஏறி உதவியவர்கள் யார், தன் வீட்டுச் சுவரில் அந்த ஓவியம் வந்ததைப் பற்றி அங்கே குடியிருக்கும் அம்மா என்ன நினைக்கிறார்? திட்டிச் சொன்னாலும் அதையும் எழுதி வையுங்கள்.

இன்னொன்று. டெல்லியில் அரசின் மாநாட்டுக் கூடமான விஞ்ஞான் பவனில் இருந்த சிற்பி அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் அரசு பெயர்த்தெடுத்துச் சிதைத்தது. 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. சட்டத்துக்குப் புறம்பாக எழுதிய கட்சிச் சுவருக்கு இது பொருந்தாது என்று எனக்கும் தெரியும். நீங்களே வரையச் சொன்ன ஓவியத்தின் மேல் நாளை வேறொரு திட்டத்துக்காக பெயின்ட் அடிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. வெள்ளையடிக்கப் போகும் குழு சுவரை நேராக நின்று ஒரு படம், எழுத்தை நெருங்கி ஒரு படம் எடுக்கட்டும். தெருப் பெயரும் தேதியும் குறிக்கட்டும். எழுதியவர் பெயர் அவர் விரும்பினால் மட்டும். இந்தப் பதிவு வழக்குப் போடவோ அபராதம் விதிக்கவோ பயன்படாது என்று எழுத்துப்பூர்வமாகச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஓர் ஓவியரும் வாய் திறக்க மாட்டார். ராத்திரியில் ஸ்ப்ரே கேனோடு வரும் இளைஞர்கள் பக்கத்திலேயே வர மாட்டார்கள். படங்களின் பிரதியை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கும் கொடுக்கலாம்.

ஊர் முழுக்க ஒரே நேரத்தில் முடியாது என்றால் கண்ணகி நகர் இருக்கும் சோழிங்கநல்லூர் மண்டலத்தில் தொடங்குங்கள். படங்களுக்கு விவரம் எழுத ஆள் வேண்டுமென்றால் என்னைப் போன்றவர்கள் சம்பளமில்லாமல் வருவோம்.

இப்படிக்கு,
சுவர் பார்த்து நடக்கும் ஒரு சென்னைவாசி