அண்ணனுக்கு, ஜப்பானின் கனசாவாவிலிருந்து

அண்ணா,

நீங்கள் போனை எடுப்பதில்லை. ஆனால் நான் இங்கே எழுதுவதை ஒன்று விடாமல் படிக்கிறீர்கள் என்று அண்ணி சொன்னார்கள். அதனால் இங்கேயே எழுதுகிறேன். சித்தப்பா வீட்டாரும் படிப்பார்கள். பணக்கணக்கை நான் எடுக்கப்போவதில்லை. வீட்டில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்குச் சம்மதம். பவர் பத்திரம் தயாராகிறது.

இன்று நவம்பர் 1. இங்கே கென்ரோக்குவென் தோட்டத்தில், பனிக்காலத்துக்கு முன் மரங்களுக்குக் கயிறு கட்டத் தொடங்கும் நாள். நீங்கள் இங்கே வந்தபோது பார்த்ததும் இதே நாளில்தான். கசுமி குளத்தங்கரையில் அந்தக் கரசாக்கி பைன். நடுவே நட்ட கம்பங்களின் உச்சியிலிருந்து வைக்கோல் கயிறுகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுகின்றன, ஆட்கள் அவற்றை இழுத்துக் கிளைகளில் கட்டுகிறார்கள். அந்த ஒரு மரத்துக்கு மட்டும் சுமார் 800 கயிறு. இந்தப் பக்கத்துப் பனி ஈரப்பனி, கனம் அதிகம். சும்மா விட்டால் கிளையை முறித்துவிடும்.

அன்று நீங்கள் கைகளைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒரு மரத்துக்கு இத்தனை பேர். அம்மாவுக்கு நான் ஒருவன்" என்றீர்கள்.

நான் பேச்சை மாற்றினேன். இந்தப் பகுதியை ஆண்ட மாயேதா வம்சத்தின் பதின்மூன்றாம் பிரபு நரியாசு, பிவா ஏரிக்கரையில் இருக்கும் கரசாக்கியிலிருந்து விதை கொண்டுவந்து வளர்த்த மரம் இது என்று வழிகாட்டி போல ஒப்பித்தேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அங்கேயே விட்டிருந்தால் இத்தனை கயிறு தேவைப்பட்டிருக்காதே."

அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அந்த மௌனத்துக்காக மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: என்னைப் பிடுங்கி இங்கே நட்டது யார்? ஜப்பானிய மொழி வகுப்புக்குப் பணம் கட்டியதும், பாஸ்போர்ட்டுக்கு என்னோடு வரிசையில் நின்றதும் நீங்கள்தானே? அம்மா அழுதபோது "போகட்டும் விடுங்கள்" என்றதும் நீங்கள்தான். நான் என்ன அனுப்பினேன், எப்போது அனுப்பினேன் என்பது உங்களுக்கும் எனக்கும் வங்கிக்கும் தெரியும். திதிக்கு வராதவள் என்று ஊருக்குச் சொன்னபோது அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். விடுமுறை ஏன் கிடைக்கவில்லை என்பதை இங்கே எழுத முடியாது; அண்ணிக்குத் தெரியும்.

இவ்வளவு கோபத்தோடு இன்று நடந்தவள், நீரூற்றுக்கு வந்ததும் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பாட்டி ஒருத்தி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆயுளெல்லாம் கிணற்று மோட்டாரோடு மல்லுக்கட்டிய நீங்கள், "மோட்டார் எங்கே, ஒயர் எங்கே?" என்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தீர்களே! மோட்டாரே கிடையாது, மேலே இருக்கும் குளத்துக்கும் இதற்கும் உள்ள மட்ட வித்தியாசத்திலேயே தண்ணீர் பீச்சுகிறது, பத்தொன்பதாம் நூற்றாண்டில், எடோ காலக் கடைசியில் அமைத்தது என்றதும் உங்கள் முகம் போன போக்கு! தோட்டத்துத் தண்ணீருக்கு மூலம் 1632-இல் சாய் ஆற்றிலிருந்து வெட்டிய தத்சுமி கால்வாய் என்று சொன்னேன். "எவனோ நல்ல வேலைக்காரன்" என்றீர்கள். நீங்கள் யாரையும் அப்படிப் பாராட்டி நான் கேட்டதில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

எல்லோரும் படமெடுக்கும் இரண்டு கால் கல்விளக்கின் முன்னால் இன்றும் கூட்டம். நான் நிற்கவில்லை.

வீடு உங்களுடையது. அம்மாவைப் பார்த்துக்கொண்டது நீங்கள். அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் நான் கையெழுத்துப் போடுவது குற்ற உணர்ச்சியால் என்று சித்தப்பா சொன்னால் ஆமாம் போடாதீர்கள். பத்திரம் கையில் கிடைத்ததும் போனை எடுங்கள், அதுகூட வேண்டாம், கிடைத்தது என்று அண்ணியையாவது சொல்லச் சொல்லுங்கள். அம்மாவின் தையல் மிஷினை மட்டும் யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். யாராவது கேட்டால், அது தங்கை பங்கு என்று சொல்லுங்கள்.