வெள்ளிமலைப் பக்கம் வேலைக்குப் போன மகளுக்கு

செம்மேடு, சனிக்கிழமை இரவு

அன்புள்ள கண்ணு,

கல்வராயன் மலையில் கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்துவிட்டேன் என்று நீ போனில் சொன்னதும் அம்மா அழுதுவிட்டாள். எனக்கு வாயே எழவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சின்ன வயதில் கேட்பாயே, "நம்ம மலையில எல்லா ஊருக்கும் ஏம்ப்பா நாடுன்னு பேரு?" என்று. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு... ஊராட்சி வருவதற்கு வெகுகாலம் முன்பே கொல்லிமலையை நம் முன்னோர் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார்கள். நாட்டுக்கு ஒரு பெரியவர் உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பார். அந்தப் பெயர்கள்தான் பின்னால் அரசுப் பதிவேட்டில் ஏறின. நீ போயிருக்கும் மலையின் கதை வேறு. அது ஜாகிர்தார்கள், அதாவது பரம்பரையாக வரி வாங்கி ஆண்ட நிலக்காரர்கள், கையில் கிடந்த மலை. 1976-ல்தான் அரசு எடுத்துக்கொண்டது. தலைமுறையாக உழுத நிலத்துக்குக் காகிதம் இல்லாத கிழவர்கள் உன் மேசைக்கு வருவார்கள். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டுப் பேசு.

நம் அய்யாறு ஆகாய கங்கை அருவியாய் விழுந்து, புளியஞ்சோலை வழியாகத் திருச்சி மாவட்டத்துக்குப் போகிறது. நம் மனுக்களோ எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, காரவள்ளி தாண்டி நாமக்கல் போகின்றன. 1997-க்கு முன்பு மாவட்டத் தலைநகர் என்றால் சேலம். கல்வராயனும் அப்படித்தான்: ஒரு பாதி சேலத்தில், மறு பாதி 2019-ல் பிறந்த கள்ளக்குறிச்சியில். எல்லைக்கோடு எங்கே போகிறது என்று காட்டுக்குள் நடக்கிறவனுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கோடு அவன் பிழைப்பைத் தீர்மானிக்கும். நம்மைப் போன்ற மலையாளிப் பழங்குடி மக்கள், கேரளத்துக்காரர்கள் அல்ல, ஈரோட்டுப் பக்கம் பர்கூர் மலையிலும் இருக்கிறார்கள். பழங்குடிப் பட்டியலில் அந்த மாவட்டத்தின் பெயர் இல்லாததால் சான்றிதழுக்காக எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சான்றிதழ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. மற்ற சாதிகளுக்கு வட்டாட்சியர் கையெழுத்து போதும், பழங்குடிக்குக் கோட்டாட்சியர் தர வேண்டும். எனக்காக உன் தாத்தா நாலு முறை கீழே இறங்கினார். விசாரிக்க வர வேண்டியவர் மலை ஏறவே இல்லை. அறிக்கை போகாததால் நான் சேர வேண்டிய ஐ.டி.ஐ. தேதி தாண்டிப்போனது. தாத்தா அதற்கு யாரையும் திட்டவில்லை, அந்த வருஷச் சாமையை விற்ற காசெல்லாம் பஸ்ஸுக்கே போயிற்றே என்றுதான் வருத்தப்பட்டார்.

இப்போது அந்த முதல் அறிக்கையை எழுதும் இடத்தில் நீ இருக்கிறாய். இ-சேவை வந்துவிட்டது, சரி. ஆனாலும் சிக்னல் கிடைக்காத குடிசைக்கு நீதான் நடந்து போக வேண்டும். தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காதே, எத்தனை நேரம் நடக்க வேண்டும், இடையில் எத்தனை ஓடை இருக்கிறது என்று கேள். மழைக்காலத்தில் எந்த ஓடை வழியை மறிக்கும் என்று ஆடு மேய்க்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அப்புறம், ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழா. லீவு கிடைத்தால் வா. சோளக்காட்டுச் சந்தையில் நல்ல மிளகு வாங்கி வைத்திருக்கிறேன். குளிருக்குக் கம்பளி எடுத்துப் போனாயா என்று அம்மா கேட்கிறாள்.

அப்பா